சிட்டத்தில் ஒரு முடி

பிள்ளைகளே, வேலைக்குத் திரும்பும் வழியில் பஸ் மாறுவதற்காக வடசேரியில் இறங்கியிருக்கிறேன். சந்தையை ஒட்டிய கதர்க் கடையில் நிற்கிறேன். நூற்ற நூலைக் கொடுத்தால் இங்கே அதற்கு ஈடாகத் துணி தருகிறார்கள். நான் வீட்டுக்கு வந்திருந்த நாட்களில் நீங்கள் இருவரும் தக்ளிக் கதிரைச் சுழற்றி, யாருடைய இழை முதலில் அறுகிறதென்று சிரித்துச் சிரித்து நூற்றீர்களே, அந்த நூலைச் சுற்றிக் கட்டிய நான்கு சிட்டங்களையும் நீட்டுகிறேன். என் துண்டு கிழிந்துவிட்டது, புதிது வேண்டும்.

நூல் பார்க்கும் அம்மாள் ஒவ்வொரு சிட்டத்தையும் விரலால் வருடுகிறாள். நாலாவதில் விரல் நின்றுவிடுகிறது.

"இதென்ன அண்ணாச்சி, பஞ்சு தீந்துபோச்சுன்னு தலமுடியயும் சேத்தா நூத்திய?"

இழையோடு இழையாக ஒரு நீள முடி முறுகிக் கிடக்கிறது.

"என் பெண்கள் நூற்றதம்மா."

"இந்த எடத்த அறுத்துக் களஞ்சாத்தான் எடுப்பேன். மூணு சிட்டத்துக்குத் துண்டு வராது, கேட்டியளா."

அவள் கத்தரியை எடுக்கிறாள். நான் சட்டென்று சிட்டத்தைப் பிடுங்கிக்கொள்கிறேன்.

"அப்போ துண்டு?"

"வேண்டாம்மா."

"கொள்ளாம்! இனி முடிய வச்சா மொகந் தொடைப்பிய?" சிரித்துக்கொண்டே மற்ற மூன்றையும் அவள் திருப்பித் தருகிறாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். உங்கள் இருவருக்கும் ஒரே நீளக் கூந்தல்தான். பெற்ற தகப்பனுக்கு இது யாருடையதென்று சொல்லத் தெரியவில்லை. நாலாவது சிட்டத்தை நூற்றது யார்? ஒருத்தி மட்டும் எழுதினால் போதாது, இருவரும் எழுதுங்கள்.