பூச்சாடி நின்ற இடம்

என்னிடம் ஏழு அமெரிக்கக் கேமராக்கள் இருக்கின்றன. பட்டுப்புடவை வைத்திருந்த பீரோத் தட்டில் வெள்ளைத் துணி விரித்து அவற்றை அடுக்கியிருக்கிறேன். எல்லாமே பிலிம் போட்டு எடுப்பவை, எல்லாமே என்னைவிட மூத்தவை. ஐம்பத்து நாலு வயதில், புருஷன் போன பிறகு, ஐந்து மா நிலத்தில் தானே சாகுபடி பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தி இதையெல்லாம் எதற்கு வாங்கி அடுக்குகிறாள் என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை. "ஏன், செல்லுல எடுத்தா படம் வராதா?" என்பார்கள். வரும், நன்றாகவே வரும். நீங்கள் அதில் எடுத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நின்றேனா என்று திருப்பிக் கேட்பேன்.

முதல் கேமரா கூத்தாநல்லூரில் கிடைத்தது. மருந்து தெளிக்கிற கைத்தெளிப்பானுக்கு வாஷர் தேடிப் போயிருந்தேன். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடுகளை இடித்து மறுபடி கட்டும்போது கழித்துப் போடுகிற சாமான்களெல்லாம் அங்கே ஒரு கடைக்கு வந்து சேரும். மர ரேடியோவுக்கும் ஓடாத மேசை விசிறிக்கும் நடுவில் கறுப்பாக ஒன்று கிடந்தது. செங்கல் அளவு, செங்கல் கனம். முன்பக்கம் ஒரு பல்சக்கரம் வேறு.

"அது ஓடாதும்மா," என்றார் கடைக்கார பாய். "அமெரிக்கா சாமான். ஷோகேஸ்ல வைக்க வேணா வாங்கிட்டுப் போங்க."

"ஓடாதுன்னு யாரு சொன்னா பாய்?"

"நாந்தான் பாத்தேனே. அமுக்கினா சும்மா கெடக்கு, சத்தமே வரல."

மோட்டார் ஸ்டார்ட்டரையும் தெளிப்பானையும் கழற்றி மாட்டிப் பழகிய கை எனக்கு. முன்பக்கம் சின்னதாக ஒரு நெம்புகோல் இருந்தது. அதைக் கீழே தள்ளினேன், ஏதோ மாட்டிக்கொண்டது. பிறகு மேலே இருந்த பொத்தானை அமுக்கினேன். டக்கென்று கேட்டது. பாய் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அட! இத்தனை வருஷமா இங்கதாம்மா கெடக்கு, ஒருத்தருக்கும் தெரியலியே!"

அன்றைக்கு வாஷர் வாங்க மறந்துவிட்டேன்.

இந்தக் கேமரா தானாக எதையும் செய்யாது. அதனால்தான் எனக்குப் பிடித்துப்போயிற்று. பின்னால் இரண்டு சின்ன ஜன்னல். ஒன்றில் பார்த்தால் எதிரே நிற்கிறவர் இடுப்போடு வெட்டிய மாதிரி இரண்டு துண்டாகத் தெரிவார். பல்சக்கரத்தைத் திருப்பித் திருப்பி இரண்டு துண்டையும் ஒட்ட வைத்தால்தான் படம் தெளிவாக விழும். பிறகு கண்ணைப் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றி, யார் யார் படத்துக்குள் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு படம் எடுத்ததும் சின்னப் பூட்டை அமுக்கிக்கொண்டே குமிழைச் சுற்றிப் பிலிமை நகர்த்த வேண்டும். நெம்புகோலை மறுபடி தள்ள வேண்டும். பிலிமை நகர்த்த மறந்தால் கேமரா எச்சரிக்காது, ஒரு படத்தின் மேலேயே இன்னொரு படம் விழுந்துவிடும்.

எதற்கு இவ்வளவு பாடு? சொல்கிறேன். அவர் போன மறுவருஷம் கொழுந்தனார் மகனுக்குக் கல்யாணம். மேடையில் எல்லோரும் நின்றபோது நானும் ஓரமாகப் போய் நின்றேன். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. நான் நின்ற இடத்தில் ஒரு பூச்சாடி இருந்தது. மேடையிலேயே இல்லாத பூச்சாடி! மஞ்சளும் சிவப்புமாகப் பூ வேறு. யார் சொல்லிச் செய்தார்கள் என்று இன்றுவரை தெரியாது, கேட்டால் எல்லோரும் பக்கத்தைப் புரட்டினார்கள். என் முழங்கை மட்டும் பாவம், அழிக்கிறவன் கண்ணில் படாமல் சாடிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். அப்புறம்தான் பீரோவிலிருந்த அந்தக் கறுப்புச் செங்கல்லை எடுத்து, சென்னையிலிருந்து கூரியரில் பிலிம் வரவழைத்தேன். பிலிமில் விழுந்தது விழுந்ததுதான். என் பிலிமை நானே குளியலறையில் கழுவுகிறேன், நெகட்டிவ் என் பீரோவில் இருக்கிறது. அதில் எவன் வந்து பூச்சாடி வைப்பான், பார்க்கிறேன்.

போன வருஷம் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. தங்கை திருவிடைமருதூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்குப் பிரசவத்தில் உடம்பு கெட்டு, அந்தக் குழந்தையை மூன்று வயதுவரை நான்தான் வளர்த்தேன். எனக்குப் பிள்ளையில்லை. அந்தப் பெண் மணக்கோலத்தில் நிற்கும்போது அவள் பக்கத்தில் நான் நிற்கிற மாதிரி ஒரே ஒரு படம், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நகை நட்டு கேட்டேனா, சீர் கேட்டேனா?

தங்கை இதை முன்பே மோப்பம் பிடித்துவிட்டாள். நிச்சயதார்த்தத்தன்று என்னைக் கண்டதும், "அக்கா, நீதான் இவ்வளவு நல்லா படம் எடுக்கிறியே, எல்லாரையும் நிக்க வச்சு நீயே எடுத்துடேன்!" என்றாள். தேன் ஒழுகியது. கேமராவைக் காட்டியே என்னைக் கேமராவுக்குப் பின்னால் தள்ளுகிறாள் என்று புரியாமலா இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். அதற்குள் பந்திக்கு இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்கள், அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் தங்கையும் மகளும் என்னோடு ஊருக்கு வந்தார்கள். வயல் வரப்பில் நின்ற என்னை அந்தப் பெண் அதே கேமராவில் எடுத்தாள். "நெம்புகோலைத் தள்ளுடி" என்றேன், தள்ளினாள். பிலிமை நகர்த்தவில்லையே என்கிற நினைப்பு எனக்கே வரவில்லை.

கழுவிப் பார்த்தால், நிச்சயதார்த்தக் கூட்டத்துக்கு நடுவில் நான் நிற்கிறேன். நிற்கிறேன் என்று சொல்லக்கூடாது, ஆவி மாதிரி மிதக்கிறேன். சம்பந்தி வீட்டு நாற்காலி என் வயிற்று வழியாகத் தெரிகிறது. எல்லோர் முகத்திலும் நெற்பயிர் முளைத்திருக்கிறது. தங்கை அதைப் பார்த்துத் துள்ளினாள்.

"ஐயோ சூப்பரா இருக்குக்கா! கல்யாணத்துக்கும் இதே மாதிரி பண்ணிடேன். நீயும் இருந்த மாதிரி ஆச்சு, யாரும் ஒண்ணும் சொல்லவும் முடியாது."

"செத்துப்போனது அவருடி," என்றேன். "நான் இல்ல."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "மாப்பிள்ளையோட அத்தை ஒரு மாதிரிக்கா. எல்லாத்துக்கும் சகுனம் பாக்குறவங்க. நாளைக்கு எம் பொண்ணு அங்க போய் வாழணும்ல?" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுடைய பயமும் பொய்யில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் பயத்துக்கு நான் ஏன் ஆவியாக வேண்டும்? கேமராவை எடுத்து அவள் மடியில் வைத்து, இந்தத் தப்பு எப்படி நடந்தது என்று காட்டினேன். பூட்டை அமுக்கி, குமிழைச் சுற்றி, நெம்புகோலைத் தள்ளி, நாலு தடவை செய்ய வைத்தேன். "எனக்கெதுக்குக்கா இந்தக் கருமம்?" என்று முனகிக்கொண்டே செய்தாள்.

கல்யாணத்துக்கு வழக்கம்போல என் வயல் அரிசிதான் போயிற்று. சாப்பாட்டுக்கும் அதுதான், மஞ்சள் தடவி அட்சதைக்குக் கலந்ததும் அதுதான். நாற்றங்காலில் விதை விட்டது இந்தக் கை. அதற்கு யாரும் சகுனம் பார்க்கவில்லை.

தாலி கட்டி முடிந்து, எல்லோரும் குடும்பப் படத்துக்கு மேடையில் கூடினார்கள். தங்கை என் பக்கம் பார்த்து, "அக்கா, நீ எடு" என்று கையைக் காட்டினாள். எடுத்தேன். ஒன்று எடுத்து, பிலிமை நகர்த்தி, நெம்புகோலைத் தள்ளித் தயாராக வைத்துக்கொண்டு, மேடை ஏறினேன். கேமரா வாரைக் கழற்றித் தங்கையின் கழுத்தில் மாட்டினேன்.

"கீழ எறங்கு. இந்த ஒரு படம் நீ எடுக்கற. சின்ன ஜன்னல்ல நான் ரெண்டு துண்டாத் தெரிவேன். ஒட்ட வச்சிட்டு அமுக்கு."

"அக்கா, வேண்டாம்க்கா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அதுக்குத்தான் வந்திருக்காங்க."

அவள் படியிறங்கினாள். நான் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றேன். மாப்பிள்ளையின் அத்தை கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்துவது போல, ஆனால் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "நல்ல காரியம். அவங்க கொஞ்சம் கீழ நின்னுக்கிட்டா தேவலாமே" என்றார்கள்.

தாம்பாளத்திலிருந்து ஒரு பிடி அட்சதையை அள்ளி அவர்கள் முன்னால் நீட்டினேன்.

"இது எங்க வயலு அரிசிங்க. என் கையால விதைச்சது. இப்பத்தான் ரெண்டு பேரு தலையிலயும் போட்டீங்க. என் கை பட்ட அரிசி தலையில விழலாம், நான் பக்கத்துல நிக்கக் கூடாதா? அப்படின்னா அவங்க தலையில கெடக்கறதை உதறிட்டு, சாப்பிடாமக் கெளம்புங்க."

கல்யாணப் படம் எடுக்க வந்திருந்த ஸ்டூடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். பெண் என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நில்லு பெரியம்மா" என்றாள். மாப்பிள்ளை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள், ஆனால் கிளம்பவில்லை. வடை பாயசத்தோடு சாப்பாடாயிற்றே.

தங்கை சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். டக்கென்ற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அதற்குள் நாதஸ்வரக்காரர்கள் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். பெண் என் காதில், "பெரியம்மா, நீ கொன்னுட்ட" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் தங்கை கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விட்டாள். சாயங்காலம் நான் கிளம்பும்போதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது மனசு பாரமாக இருந்தது. படம் கிடைத்தது, தங்கை கைவிட்டுப் போய்விட்டாளோ என்று நினைத்தேன். இருந்தாலும் செய்ததற்கு வருத்தப்படவில்லை. இன்னொரு தடவை என்றாலும் அதைத்தான் செய்வேன்.

இரண்டு நாள் கழித்துப் பிலிமைக் கழுவி, குளியலறைக் கொடியில் துணி மாட்டுகிற கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். ஈரம் காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தங்கை எடுத்த படம் இருந்தது. கொஞ்சம் சாய்வு. அத்தைக்குத் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை. நானும் பெண்ணும் கண்ணிமை எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறோம்.

அதற்கு அடுத்த கட்டத்தில் இன்னொரு படம் இருந்தது.

நான் ஒன்றுதானே எடுக்கச் சொன்னேன்? இந்தக் கேமராவில் கை தவறி இரண்டாவது படம் விழாது. பூட்டை அமுக்கிக் குமிழைச் சுற்ற வேண்டும், நெம்புகோலைத் தள்ள வேண்டும், மறுபடி சக்கரத்தைத் திருப்ப வேண்டும். அத்தனையையும், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் தங்கை நின்று செய்திருக்கிறாள். இரண்டடி முன்னால் வந்து எடுத்திருக்கிறாள். அதில் மாப்பிள்ளை வீட்டார் யாரும் இல்லை. நானும் பெண்ணும் மட்டும், வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த இரண்டாவது படத்தைத் தஞ்சாவூரில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவளுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் போன் இல்லை. அப்புறம் ஒரு செல்போன் படம் வந்தது. அவள் வீட்டுக் கூடத்துச் சுவரில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், நானும் பெண்ணும் மாட்டப்பட்டிருக்கிறோம். அந்தச் சுவரோரம் எப்போதும் நிற்கிற பூச்சாடியை, படத்தை மறைக்குமென்று எடுத்துவிட்டிருந்தாள்.