நூறு வரை ஏற்றுபவர்

லாரி ஷெட்டில் அவரை எல்லோரும் 'புல்டேங்க்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலமெல்லாம் டீசல் லாரி ஓட்டியவர். டேங்கில் கொஞ்சம் குறைந்தாலே பெட்ரோல் பங்குக்கு வண்டியைத் திருப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் கையில்தான் முதலாளி புது பேட்டரி லாரியின் சாவியைக் கொடுத்தார்.

"இது நிக்கல் பேட்டரி. கனம் கம்மி, ரொம்ப தூரம் போகும். ஆனா தினமும் எண்பது பர்சென்ட்டோட சார்ஜை நிறுத்திடுங்க. எப்பவும் நூறுலயே வெச்சிருந்தா சீக்கிரம் கிழடு தட்டிடும்" என்றார், பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் அம்மா.

"சாப்பிட உக்கார வெச்சுட்டு, அரை வயித்துல எழுந்திருன்னா எப்படிம்மா?"

"வயிறு உங்களோடது இல்ல, லாரியோடது."

புல்டேங்க் தலையாட்டினார். மனசுதான் கேட்கவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் நூறு வரை ஏற்றுவார். திரை தெரியாதபடி சார்ஜர் மேல் தோள் துண்டைப் போட்டு வைப்பார். ஒருநாள் இன்ஜினியர் அம்மா வந்து துண்டை உருவினார். தொண்ணூற்றெட்டு.

"இன்னும் ரெண்டுதான்மா" என்று கெஞ்சினார் புல்டேங்க். "வந்தது வந்தீங்க, ரெண்டு நிமிஷம் நின்னு பாத்துட்டே போங்களேன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்களுக்கு இது சரிப்படாது. இரும்பு பாஸ்பேட் பேட்டரின்னு ஒண்ணு இருக்கு. அதை அப்பப்ப நூறு வரைக்கும் ஏத்தினாத்தான் நல்லது. சட்டுனு தீயும் பிடிக்காது."

அவ்வளவுதான், அந்த லாரிதான் வேண்டும் என்று புல்டேங்க் முதலாளியைப் பிடித்துக்கொண்டார்.

"அது கனம்யா. சரக்கு குறையுமே" என்றார் முதலாளி.

கனத்தைக் குறைக்கிறேன் என்று புல்டேங்க் தன் கேபினிலிருந்த மெத்தை, ஸ்டவ், ஸ்டூல் எல்லாவற்றையும் இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். வாசலிலேயே மனைவி மறித்தாள்.

"வீடு என்ன குடோனா? கனம் குறையணும்னா மொதல்ல நீங்க இளைங்க!"

இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டு முதலாளி மனம் இளகினார். இரும்பு பேட்டரி லாரி ஒன்று வந்தது. ஊருக்குள்ளேயே பிளாஸ்டிக் குடம் ஏற்றும் வேலை. கனம் ஒரு பிரச்சினையே இல்லை. புல்டேங்க் ஆசை தீர நூறு வரை சார்ஜ் ஏற்றினார்.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், இப்போது தினமும் சாயங்காலமே வந்து நின்றார். பக்கெட், பானை, டம்ளர் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்தார். மனைவியின் போன் நாற்பதைத் தொட்டாலே பிடுங்கிப்போய் சார்ஜில் போட்டார். பத்து நாள் பொறுத்த மனைவி நேராக ஷெட்டுக்கே போய் இன்ஜினியர் அம்மாவைப் பிடித்தாள்.

"அம்மா, பேட்டரியும் இருந்து, அதுக்குக் கரண்டு குடுக்க டீசல் இன்ஜினும் இருக்கிற லாரி வந்திருக்காமே? அதை இவர்கிட்ட குடுத்து எங்கயாவது தூரமா அனுப்பிடுங்க, புண்ணியமாப் போகும்."

அனுப்பினார்கள். முதல் பயணத்திலேயே மனைவிக்குப் போன் வந்தது.

"பேட்டரியும் புல்லு, டேங்கும் புல்லு! இப்படி ஒரு வண்டி இருக்கும்னு நான் கனவுலகூட நெனச்சதில்ல."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் அவள், காலை நீட்டி உட்கார்ந்தபடி. "அவசரப்படாம மெதுவாவே வாங்க."