பீலியடியில் நின்ற லொறி

மிஸ்ஸியின் கறுப்புப் பையில் ஒரு வெள்ளைச் சவுக்காரப் பெட்டி இருக்கும். மூடி வெடித்துப்போனதால் அதை ஒரு ரப்பர் வளையத்தால் கட்டி வைத்திருப்பார். எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அவர் மருத்துவிச்சியாக வந்த புதிதில், லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் அந்தப் பெட்டியைச் சொல்லியே சிரிப்பார்கள். பிள்ளையைத் தொடுமுன் கழுவுவார், தொட்ட பிறகும் கழுவுவார். "எங்க புள்ளைங்க என்ன அம்புட்டு அழுக்கா?" என்று முறைத்தவர்களும் உண்டு. அவர் சிங்களப் பெண், எங்களிடமே தமிழ் பழகி எங்களைப் போலவே பேசினார். நான் தோட்டத்து லொறி டிரைவர். கேலி செய்தவர்களில் முதலிடம் எனக்குத்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து என் மனைவி முதன்முறையாக முழுகாமல் இருந்தாள். குறித்த நாளுக்கு முன்பே, அடைமழைக் காலத்தின் ஒரு காலையில் வலி எடுத்துவிட்டது. வழக்கமான பார்வைக்கு லயத்துக்கு வந்திருந்த மிஸ்ஸி, வயிற்றில் கை வைத்துப் பார்த்ததுமே, "டிரைவர், லொறிய எடுங்க, கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். ரப்பர் பால் பீப்பாக்களை இறக்கினோம். பின்னால் மெத்தையைப் போட்டு, மேலே மழைக்குப் படங்கை இழுத்துக் கட்டினோம். மிஸ்ஸியோடு மாமியாரும் பின்னால் ஏறிக்கொண்டார். நேர்ப் பாதையில் ஆற்றுத் தண்ணீர் ஏறியிருந்ததால் மலையைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

பாதி வழியில் பின்னாலிருந்து தகரத்தில் தட்டும் சத்தம். "அந்தா, அந்தப் பீலிகிட்ட நிப்பாட்டுங்க!"

பாறையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் பீலி அது. எனக்கு வந்ததே கோபம். "இன்னும் அரை மணித்தியாலந்தான் மிஸ்ஸி, பறந்து போயிருவேன்" என்றேன்.

"புள்ள அரை மணித்தியாலம் நிக்காது. குலுங்குற லொறியில என்னால ஒண்ணும் செய்ய ஏலாது. நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். அவர் இறங்கி, கைகளை முழங்கை வரை நனைத்து, அந்தப் பெட்டியைத் திறந்தார். விரல் இடுக்கு, நக இடுக்கு எல்லாம் தேய்த்துக் கழுவத் தொடங்கினார். உள்ளே என் மனைவி கத்துகிறாள், இவர் கழுவுகிறார். "போதும், வாங்க மிஸ்ஸி!" என்று நான் போட்ட சத்தத்துக்கு அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பிள்ளை வந்தது. அழுகை வரவில்லை. உடம்பு நீலம் பாய்ந்து, துணி மாதிரி துவண்டு கிடந்தது. "தலகீழா புடிச்சு ரெண்டு தட்டுங்க" என்று மாமியார் அலறினார். நானோ பீலிக்கு ஓடிப்போய், முகத்தில் அடிக்க இரண்டு கையிலும் பச்சைத் தண்ணீர் ஏந்திக்கொண்டு வந்தேன். எங்கள் லயத்தில் அதுதான் வைத்தியம்.

"தள்ளி நில்லுங்க. குளிர்ல போயிரும் புள்ள."

பிள்ளையைத் துவட்டினார். நனைந்த துணியை வீசிவிட்டுக் காய்ந்த துணியில் சுற்றினார். வாயைத் துடைத்து முதுகைத் தேய்த்தார். அசைவில்லை. கொடியைக் கட்டி வெட்டினார். தலையை நேராக வைத்து, ஒரு சின்ன மூடியை வாயும் மூக்கும் மறையப் பொருத்தி, அதோடு சேர்ந்த ரப்பர் பையை அமுக்கினார். "எக்கய், தெக்கய், துனய்" என்று சிங்களத்தில் எண்ணிக்கொண்டே, பிள்ளையின் நெஞ்சு மேலெழும்புகிறதா என்று மட்டும் பார்த்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் ஏந்தி நின்ற தண்ணீர் முழுவதும் ஒழுகிப்போனது.

முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு விக்கல், அப்புறம்தான் அழுகை. நானும் வெட்கமில்லாமல் சேர்ந்து அழுதேன்.

பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சில் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்தினார். மாமியார் சீனித் தண்ணீர்ப் போத்தலை எடுக்க, "அது வேணாம்மா, தாய்ப்பால் மட்டும் போதும்" என்று வாங்கி ஓரமாக வைத்தார். நஞ்சுக்கொடி விழுந்து, இரத்தம் அடங்கியதைப் பார்த்த பிறகுதான், "இப்ப எடுங்க, மெதுவா" என்றார்.

அன்று பிறந்தவள் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வீட்டில் என் வாயை அடக்க அவள் ஒருத்தியே போதும். அவள் கத்திச் சண்டை போடும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வரும். என் வேகத்தை நம்பி நான் ஓட்டியிருந்தால் இந்தச் சத்தம் இந்த வீட்டில் இருந்திருக்காது.

அன்று தாயையும் பிள்ளையையும் வார்டில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது, மிஸ்ஸி ஆஸ்பத்திரிச் சுவரோரம் குந்தியிருந்தார். நான் வாங்கிக் கொடுத்த பிளேன்டீ அவர் கையில் நிற்காமல் தளும்பியது. அவ்வளவு நடுக்கம்.

"என்ன மிஸ்ஸி, எத்தன புள்ளைக்கு செஞ்சிருப்பீங்க, இப்ப போயி நடுங்குறீங்களே?"

"மூச்சு குடுக்கிறத இதுக்கு முந்தி பொம்மைக்குத்தான் செஞ்சிருக்கேன் டிரைவர்" என்றார். "ட்ரெயினிங்ல குடுத்த ரப்பர் பொம்மைக்கு."

அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, ஒரு பள்ளத்தில்கூட சக்கரம் இறங்காமல் தோட்டம் வரை கொண்டுவந்து சேர்த்தேன்.