ஹைபர்நேட்டுக்கு மூன்று ஜிபி

என் லேப்டாப் ஆன் ஆகிக் கைக்கு வர இருபது நிமிடம் ஆகும். அதன் பேட்டரி தாங்குவது அரை மணி நேரம். இதை வைத்துக்கொண்டா வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களிடம், இதையாவது வைத்துக்கொண்டு செய்கிறேனே என்று சொல்லி வாயை அடைப்பேன்.

கல்வராயன் மலையில் எங்கள் ஊருக்குக் கரண்ட் உண்டு, சிக்னல் கிடையாது. சிக்னல் வேண்டுமென்றால் ஊருக்கு மேலே முக்கால் மணி நேரம் ஏறி ஒரு பாறைக்குப் போக வேண்டும். அங்கே கரண்ட் கிடையாது. அதனால் வீட்டிலேயே லேப்டாப்பை ஆன் செய்து, வேண்டியதை எல்லாம் திறந்து வைத்து, ஹைபர்நேட்டில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஏறுவேன். ஹைபர்நேட் என்றால், கம்ப்யூட்டர் தன் வேலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைந்துவிடும். பாறையில் திறந்தால் மூன்றே நிமிடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அரை மணி நேரப் பேட்டரியும் எனக்கே மிச்சம்.

அன்றைக்கு எங்கள் மகளிர் குழுவின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். சாமை உரிக்கும் மிஷினுக்கு மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் போட வேண்டும். மிஷின் வந்தால் உரலில் குத்திக் குத்திக் கை கொப்பளிக்க வேண்டாம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கவும் வேண்டாம். தவறினால் அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் குழுவின் செயலாளர். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே குற்றத்துக்காக அந்தப் பதவி என் தலையில் விழுந்தது.

காலையில் ஒன்பது ஆவணங்களையும் அடுக்கி வைத்துவிட்டு மெனுவைத் திறந்தேன். ஷட் டவுன், ரீஸ்டார்ட், இரண்டு மட்டும் இருந்தன. ஹைபர்நேட் இல்லை. சரி, ஸ்லீப்பில் போடலாம் என்று பார்த்தால் அதுவும் இல்லை. மூடித் திறந்து பார்த்தேன். கன்ட்ரோல் பேனலில் பவர் பக்கம் போய்த் தேடினேன். டிக் செய்யும் கட்டமே அங்கே காணோம்.

"இன்னா, இன்னும் கெளம்பலியா? மணி ஆவுதுல்ல" என்று குழுத் தலைவி அக்கா வாசலில் வந்து நின்றார். கள்ளக்குறிச்சிக்குப் போய் அனுப்பலாமென்றால் காலை பஸ் போயிருந்தது; அடுத்தது சாயங்காலம்தான். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் பாதிதான் வரும், அனுப்பும் பட்டன் தெரியாது. வருவது வரட்டும் என்று ஷட் டவுன் செய்து, இருவரும் பாறைக்கு ஏறினோம்.

அங்கே ஆன் செய்தேன். இருபது நிமிடம் அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்றியது. மூன்றாவது ஆவணம் ஏறிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. போன மாதம் இதற்கு விண்டோஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்த கள்ளக்குறிச்சிக் கடைக்காரரை அங்கிருந்தே போனில் பிடித்தேன்.

"கொண்டாந்து குடுத்துட்டுப் போங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு இன்னாத்துக்குண்ணே? இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வேணும். இப்ப சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

என் குரலில் இருந்த சூடு அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் அடிக்க வேண்டிய இரண்டு கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சொன்னார். முதலாவது, ஏன் இல்லை என்று கம்ப்யூட்டரையே கேட்பது. இரண்டாவது, ஹைபர்நேட்டை மறுபடி ஆன் செய்வது. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு இறங்கினோம்.

வீட்டில் கரண்டில் செருகி, முதல் கட்டளையை அடித்தேன். பதில் பளிச்சென்று வந்தது. ஸ்லீப் இல்லாததற்குக் காரணம் திரைக்கான டிரைவர். விண்டோஸ் போட்டவர் அதைப் போடாமல் விட்டுவிட்டார். அதை இறக்க இன்டர்நெட் வேண்டும்; ஆகவே ஸ்லீப்பைக் கைகழுவினேன். ஹைபர்நேட் இல்லாததற்குக் காரணம், அதை ஆஃப் செய்திருந்தார்கள். யார் ஆஃப் செய்தது? நான்தான்.

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் இருப்பது என் வீட்டில் மட்டும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று யார் வீட்டு வீடியோவானாலும் மெமரி கார்டில் கொண்டுவந்து, "உங்கிட்ட இருக்கட்டும்" என்று ஏற்றிவிட்டுப் போவார்கள். நல்லது கெட்டதுக்குக் கூடும்போது கேட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். இந்த வருடத் திருவிழாவுக்கு டிஸ்க்கில் இடமில்லை. ஹைபர்நேட்டை அணைத்தால் மூன்று ஜிபி இடம் காலியாகும் என்று எப்போதோ போனில் பார்த்தது நினைவுக்கு வந்து, பெரிய கெட்டிக்காரி போல அணைத்துவிட்டேன். மழை மாதம் முழுக்கப் பாறைப் பக்கம் போகாததால் அதை மறந்தும் போனேன்.

இரண்டாவது கட்டளையை அடித்தேன். டிஸ்க்கில் இடம் இல்லை என்று வந்தது. குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தேன். வேண்டாத புரோகிராம்களை எடுத்தேன். மறுபடி அடித்தேன். இடம் இல்லை. பென் டிரைவ் எங்கே என்று தேடினால், அதைத் திருவிழாக் கமிட்டிக்காரர் வாங்கிப் போயிருந்தார்; எங்கள் போன்களில் அவ்வளவு இடமும் இல்லை. மணி இரண்டரை. இனி ஏதாவது ஒரு வீடியோ போயாக வேண்டும்.

"என் மவ காதுகுத்தை எடுத்துடு. அவதான் பெரிய மனுசி ஆயிட்டாளே" என்றார் அக்கா. முடியாது என்றேன். நம்பிக் கொடுத்ததில் கை வைக்க எனக்கு என்ன உரிமை? என்னுடையது என்று அதில் ஒன்றே ஒன்று இருந்தது. என் கல்யாண வீடியோ. கல்யாணத்தின்மேல் எனக்கு அப்படியொன்றும் மயக்கம் இல்லை. ஆனால் அதில் அம்மா இருந்தாள். பந்தலுக்கும் அடுப்புக்கும் ஓடிக்கொண்டு, யாரையாவது அதட்டிக்கொண்டு. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அவள் குரல் வேறு எதிலும் இல்லை; போட்டோகிராபர் கொடுத்த டிஸ்க்கும் கீறல் விழுந்து எப்போதோ வீணாகிவிட்டது.

ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அழிக்கலாமா என்று நினைத்தேன். பார்த்தால் அழிக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். அக்கா என் கையைப் பிடித்து, "வேணாம்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். கையை விடுவித்துக்கொண்டு அழித்தேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். கட்டளையை மூன்றாம் முறை அடித்தபோது எந்தத் தகராறும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. பவர் பக்கத்தில் கட்டமும் வந்து நின்றது. டிக் செய்தேன். மெனுவில் ஹைபர்நேட் வந்துவிட்டது.

பேட்டரி நிறையும் மட்டும் காத்திருந்து, ஆவணங்களைத் திறந்து வைத்து, ஹைபர்நேட்டில் போட்டுவிட்டு ஏறினோம். பாறையில் திறந்ததும் மூன்று நிமிடத்தில் எல்லாம் அப்படியே நின்றது. ஒன்பதாவது ஆவணம் ஏறி முடிந்தபோது மணி நாலே முக்கால். விண்ணப்பம் பெறப்பட்டது என்று வந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். நான் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன்.

அடுத்த அறுவடைக்கு மிஷின் வந்துவிட்டது. முதல் நாள் சாமையைக் கொட்டி ஓட்டினோம். ஒருத்தி போனை நீட்டி, அடுப்பில் சாமைச் சோறு கிளறிக்கொண்டிருந்த அக்காவைப் படம் எடுத்தாள். அக்கா சட்டென்று இடுப்பில் கை வைத்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, மூக்கிலிருந்து வரும் குரலில் கத்தினார்:

"ஏம்பா, வூட்டுக்கு வந்தவங்க சாப்பிடாம நிக்கறாங்க, நீ இன்னா என் மூஞ்சியவே புடிச்சிகினு கீற? போயி எல போடு!"

கூட்டமே சிரித்தது. என் கல்யாணத்தில் கேமராக்காரரை அம்மா அதட்டியது அது. எத்தனை முறை என் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்! வார்த்தை பிசகவில்லை, இழுப்புகூட அவளுடையதுதான். அன்று பாறையில் வராத அழுகை அப்போது வந்தது.

"அக்கா, இன்னொரு தபா சொல்லுங்க" என்றேன்.