குன்னூர் சர்வர்களும் வைரஸ் ஸ்கேனரும்

லினக்ஸுக்கு வைரஸே வராது என்று சொல்லி சர்வரை விற்றுவிட்டுப் போகிறவர் ஒருவர். அதில் ஓடும் வைரஸ் ஸ்கேனர் மக்கர் செய்தால் ஓடிவருகிறவர் இன்னொருவர். அந்த இரண்டாமவன் நான். குன்னூரில் இருந்துகொண்டு மலை முழுக்க சர்வர் பார்க்கிறேன். இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நின்றுபோன மெயில்

ஜெகதளா பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. காலையிலிருந்து ஒரு மெயிலும் வரவில்லை, போகவும் இல்லை. ஏலத்துக்கான விவரம் மதியத்துக்குள் போயாக வேண்டும். மேனேஜர் ரங்கசாமி என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். சர்வர் தன் நடப்பை எழுதிவைக்கும் லாகைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மெமரி போதாமல் லினக்ஸே ஸ்கேனரை நிறுத்தியிருந்தது. ஸ்கேன் ஆகாத மெயிலை விடக்கூடாது என்று சர்வருக்கு உத்தரவு. அதனால் எல்லாம் வரிசையில் தேங்கிக் கிடந்தன.

"ஏனுங்க, அந்த ஸ்கேனரையே கழட்டி உட்ருங்க, மெயில் போகட்டும்" என்றார். மாட்டேன் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு புரோகிராமை நிறுத்தி இடம் பண்ணி, ஸ்கேனரை மறுபடி எழுப்பினேன். மெயில்கள் மளமளவென்று நகர்ந்தன. ஏல விவரமும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்று மட்டும் சிக்கியது. கூரியர் ரசீது என்று, அவர் பெயருக்கே வந்த வைரஸ். குனிந்து திரையைப் பார்த்தவர் சொன்னார்: "கூரியருக்குத்தானுங்க காலைல இருந்து காத்துட்டிருக்கேன். இது வந்திருந்தா மொத ஆளாத் தொறந்திருப்பேன்."

சுத்தமோ சுத்தம்

குன்னூரிலேயே ஒரு கிளினிக். 'வைரஸ் எதுவும் இல்லை' என்று சர்வர் தினமும் ரிப்போர்ட் அனுப்பும். நிர்வாகி ஸ்டெல்லாவுக்கு அதைப் பார்த்து நிம்மதி, எனக்குத்தான் உறுத்தல். அத்தனை எக்ஸ்ரே படங்களை அவ்வளவு சீக்கிரம் எந்த ஸ்கேனரும் பார்த்து முடிக்காது. லாகைத் திறந்தால் வரிக்கு வரி 'அனுமதி இல்லை'. எக்ஸ்ரே ஃபோல்டரைப் படிக்கும் உரிமையையே ஸ்கேனருக்கு யாரும் கொடுக்கவில்லை. கொடுத்து ஓடவிட்டேன். படங்களுக்கு நடுவே, யாருடைய பென்டிரைவிலிருந்தோ வந்த வைரஸ் ஒன்று உட்கார்ந்திருந்தது. டாக்டர் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதைத் திறந்திருந்தால் கிளினிக்கே முடங்கியிருக்கும். ஸ்டெல்லா தலையில் கைவைத்துக்கொண்டார்: "அப்ப இத்தனை நாளும் வாசல்லயே நின்னு எட்டிப் பாத்துட்டு, பேஷண்ட் நல்லா இருக்காருன்னு எழுதிக் குடுத்திருக்கு!"

ஆள் மாறாட்டம்

சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட். பறித்த இலையை எடை போட்டுப் பதிகிற புரோகிராமைக் காணோம். ஸ்கேனர் அதை வைரஸ் என்று தூக்கித் தனியே அடைத்துவிட்டது. வெளியே இலை மூட்டைகளோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கிளார்க் ஷைலஜா ஏதோ பென்டிரைவ் போட்டதால்தான் என்று மேனேஜர் முடிவுகட்டி, எல்லார் எதிரிலும் "உன்னை சஸ்பெண்ட் பண்றேன்" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவள்தான் எனக்குப் போன் செய்தாள்.

போனை வைக்காமல், குன்னூரில் இருந்தபடியே சர்வருக்குள் நுழைந்தேன். பிடிபட்ட ஃபைலை, புரோகிராம் செய்து கொடுத்தவர்களிடம் இருந்த அசலோடு ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஸ்கேனருக்குப் புதிதாக வந்த அப்டேட்தான் ஆளை மாற்றிப் பிடித்திருந்தது. ஃபைலை இருந்த இடத்தில் வைத்து, அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். எடை போடுவது தொடங்கியது. "உங்கள் மேல் தப்பே இல்லை" என்றேன். ஷைலஜா நிதானமாகச் சொன்னாள்: "சாரே, போனை ஸ்பீக்கர்ல போடறேன். மேனேஜர் இங்கதான் இருக்காரு, இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க."

மொத்தத்தில், வைரஸை நம்பி நான் தொழில் நடத்தவில்லை. அதைப் பிடிக்க வந்த ஸ்கேனரை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.