ஒரு பக்கமாக இழுக்கும் வண்டி

கல்யாணப் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவார், எங்கள் நாரின் ஊர் டாக்ஸிக்காரர் தோக்தொசுன். அன்று புல்வெளிச் சாலையில் டாக்ஸி ஒரு பள்ளத்தில் தடாலென்று விழுந்து எழுந்ததும், இறங்கிப் பார்த்தார். டயர் வீங்கவில்லை, ரிம் வளையவில்லை, அடியில் எண்ணெய் சொட்டவில்லை. மறுபடி கிளம்பி, ஆளில்லாத சாலையில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"அண்ணே, கைய வைங்க!" என்று பின்சீட்டில் சவாரி வந்த புருல் அலறினாள்.

"சும்மா இரும்மா. ஒரு பக்கமா இழுக்குதான்னு பாக்கணும்ல?"

வெயிலில் புல் அலையடித்தது. தூக்கத்தில் நடப்பதுபோல வண்டி மெல்ல வலப்பக்கம் ஒதுங்கி, மேகநிழலோடு மிதந்து, குதிரைப்பால் விற்கும் பெண் பெர்மெத்தின் கூடாரத்து வாசலில் போய் நின்றது.

"பள்ளத்துல விழுந்து அலைன்மென்ட் போயிடுச்சுண்ணே," என்றேன் முன்சீட்டில் இருந்த நான்.

அவர் கண்ணாடியில் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார்.

"பள்ளம் இன்னிக்குத்தான் தம்பி. வண்டி போன வருஷத்துலேருந்தே இப்படித்தான் இழுக்குது."