கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

டென்மார்க்கின் கோல்டிங் நகரசபை அலுவலகத்துக்கு நான் மொழிபெயர்க்கப் போன அன்று, எனக்காகக் காத்திருந்த தமிழ் முதியவர் காத்திருப்பு அறையில், எறியப்போகும் ஒரு கடித உறையிலிருந்து தன் பெயரையும் விலாசத்தையும் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பை ஏற்கெனவே அப்படிக் கிழித்த துண்டுகளால் புடைத்திருந்தது. பல நாள் தூங்காத கண்கள்.

மறதி நோய் முற்றிய அவர் மனைவி இரண்டு முறை வெறுங்காலோடு பனிக்குள் இறங்கிப் போய்விட்டார். பராமரிப்பு இல்லத்தில் இடம் வேண்டுமென்றால், மனைவியின் மருத்துவக் கோப்பைப் பார்க்க நகரசபைக்கு இவர் சம்மதம் தரவேண்டும். அதிகாரியின் மேசையில் படிவத்தைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணை, இது நல்ல அரசாங்கம். யோசிக்காமல் கையெழுத்தைப் போடுங்கோ," என்றேன்.

"ஓம் தம்பி. அமெரிக்காவிலயும் நல்ல அரசாங்கம்தான் சனத்தை எண்ணினது. ஜப்பானோட சண்டை வந்தோடனை அந்தக் கணக்கை வைச்சுத்தான் அங்கை இருந்த ஜப்பான்காரர் எங்கெங்க இருக்கினம் எண்டு பாத்து முகாமுக்கு ஏத்தினது. எழுதிக் குடுக்கேக்க ஒருத்தரும் கெட்டவன் இல்லை. நாளைக்கு அந்தக் கதிரையில ஆர் இருப்பான், சொல்லு பாப்பம்?"

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார்.

"பயப்படுகிறார்," என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

அந்தளவு டேனிஷ் அவருக்கு விளங்கியது. "நான் அதுவோ சொன்னனான்?" என்றார். பிறகு, "என்னால இனி அவவைத் தூக்கேலாது," என்று அழுதபடி கையெழுத்திட்டார்.

அதற்குக் கீழே, சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன் என்று உறுதிசொல்ல மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு கோடு உண்டு. எத்தனையோ வருடமாக வாசிக்காமலே கையெழுத்துப் போட்ட இடம். அன்று என் பெயரை எழுத எனக்கு நெடுநேரம் எடுத்தது.